கம்பிக்கு முன் கொம்பு

கேள்வி: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. என்னிடம் 10 வாட் தரும் சின்ன ஷார்ட்வேவ் செட், ஒரு பேட்டரி, 7 மீட்டர் நீளும் கண்ணாடியிழை மீன்பிடிக் கழி எல்லாம் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் குன்றுகளுக்கும் சில சமயம் மரங்கள் அடர்ந்த இடங்களுக்கும் தூக்கிக்கொண்டு போகிறேன். 20 மீட்டர் பேண்டுக்கு ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா, நானே வெட்டிக் கட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவில் பட்டு எவ்வளவு சக்தி திரும்புகிறது என்பதன் அளவு) 1.3 காட்டுகிறது. 2,000, 3,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் கேட்கிறார்கள், சிலர் பதிலும் தந்தார்கள். ஆனால் 150 கிலோமீட்டரில் இருக்கும் என் நண்பர்கள் இருவரும் சுத்தமாகக் கேட்பதில்லை; நானும் அவர்களுக்குக் கேட்பதில்லை. டைபோலை விட்டுவிட்டு ஒரு முனையில் ஊட்டும் எண்ட்-ஃபெட் வாங்கு என்கிறார் ஒருவர். 9:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் எந்த நீளக் கம்பியும் வேலை செய்யும் என்கிறார் இன்னொருவர். கம்பியை நெட்டாக நிறுத்தும் வெர்ட்டிகல்தான் தூரம் போகும் என்கிறார் மூன்றாமவர். நான் எதை எடுப்பது?

பதில்: டைபோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதற்கு உங்கள் கடிதமே சாட்சி. 10 வாட்டுக்கு 3,000 கிலோமீட்டர் தள்ளியிருந்து பதில் வருகிறது என்றால் ஆன்டெனாவைக் குறை சொல்ல இடமில்லை. நண்பர்கள் கேட்காததற்குக் காரணம் உங்கள் தலைக்கு மேலே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

உங்கள் 20 மீட்டர் பேண்டின் 14 மெகாஹெர்ட்ஸ் அலை, அங்கே இருக்கும் அயனி மண்டலம் என்ற மின்னேறிய காற்று அடுக்கில் சாய்வாகப் போய் நுழைந்தால் வளைந்து பூமிக்குத் திரும்பும். செங்குத்தாகப் போனால் பெரும்பாலும் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும். 150 கிலோமீட்டரில் வந்து விழ வேண்டுமானால் அலை ஏறக்குறைய 75 டிகிரியில், அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக, மேலே போய்த் திரும்ப வேண்டும். 20 மீட்டர் பேண்டில் அது நடப்பது அபூர்வம். தரையை ஒட்டிப் போகும் அலையோ மேடு பள்ளங்களில் சில பத்துக் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் எதுவும் கேட்காத ஒரு வளையம் உண்டாகிறது. ஹாம்கள் 'ஸ்கிப்' என்பது இதைத்தான். உங்கள் நண்பர்கள் இருவரும் அந்த வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எந்த ஆன்டெனாவை வாங்கினாலும் 14 மெகாஹெர்ட்ஸில் அவர்கள் பெரும்பாலும் கேட்கப்போவதில்லை.

பகலில் 40 மீட்டர் பேண்டுக்கு, 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம், வாருங்கள். நேர் மேலே அனுப்பிய அலையும் அங்கே பெரும்பாலான பகல்களில் திரும்பி வரும். இருட்டிய பிறகு மண்டலம் மெலியும்போது 7 மெகாஹெர்ட்ஸும் துளைக்க ஆரம்பிக்கும். பக்கத்து நிலையங்கள் ஒவ்வொன்றாக மறையும், தூரத்துக் குரல்கள் எழும்பும். அப்போது அருகில் பேச 3.5 மெகாஹெர்ட்ஸ்தான் கதி. ஆகவே உங்கள் பிரச்சினை பாதிக்கு மேல் பேண்டைப் பற்றியது. ஆன்டெனா கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். யோசனை சொன்ன மூவரும் ஆன்டெனாவின் பெயரைச் சொன்னார்கள், ஒருவராவது "எதில் கட்டப்போகிறாய்?" என்று கேட்டாரா? சுவர் இருந்தால்தானே சித்திரம்! வெளியிடத்தில் கம்பி ஆன்டெனா என்பது கொடி மாதிரி. கொழுகொம்பு என்ன உயரம், எவ்வளவு பாரம் தாங்கும், சுற்றிலும் எவ்வளவு இடம் என்பவைதான் அது எப்படி வளரும் என்பதை முடிவு செய்கின்றன. 1901 டிசம்பர் 12 அன்று அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார் அல்லவா, அன்று நியூஃபவுண்ட்லாந்து குன்றின் மேல் அவருக்கு இருந்த பெரிய தலைவலி ரிசீவர் இல்லை. சுமார் 150 மீட்டர் கம்பியைக் காற்றில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. முந்தைய நாள் பலூனைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, கடைசியில் ஒரு பட்டம் கைகொடுத்தது. 7 மீட்டர் கழியோடு குன்றேறும் நமக்கும் அதே கவலைதான், அளவுதான் சிறியது.

உங்கள் கழியையே எடுத்துக்கொள்வோம். 7 மீட்டர் என்று அட்டையில் இருக்கும், ஆனால் மேல் துண்டுகள் இரண்டும் தூண்டில் நரம்பு தாங்கத்தான் செய்யப்பட்டவை. டைபோலின் நடுப்புள்ளியையும் அதிலிருந்து செட்டுக்குத் தொங்கும் கோஆக்ஸ் கேபிளையும் உச்சியில் மாட்டினால் கழி வணக்கம் சொல்லும். கெட்டியான ஆர்.ஜி. 58 கேபிள் 6 மீட்டர் என்றால் கால் கிலோவை நெருங்கும். நான் பார்த்த புதியவர்களில் பலர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள். காற்றில் ஆடி ஆடிக் கழி ஒடிந்த கதைகளும் உண்டு, அவற்றில் ஒன்று என்னுடையது. நுனித் துண்டை உருவி வைத்துவிட்டு, விரல் தடிமன் இருக்கும் இடத்தில் நடுப்புள்ளியைக் கட்டுங்கள். மெல்லிய ஆர்.ஜி. 174 கேபிளைப் பயன்படுத்துங்கள், அது ஆர்.ஜி. 58இன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். உயரம் 6 மீட்டராகக் குறையும். போகட்டும், நிற்கிற 6 மீட்டர் சாய்கிற 7 மீட்டரைவிட மேல். ஒரு எச்சரிக்கை: அடுத்த கழி வாங்கும்போது கார்பன் இழைக் கழியைத் தொடாதீர்கள். அது மின்சாரம் கடத்தும்; கம்பியை அதை ஒட்டிக் கட்டினால் கம்பி ஒத்திசையும் அதிர்வெண் எங்கெங்கோ ஓடும். இலகுவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு நான் அரை நாள் முழுக்க எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது 6 மீட்டர் உச்சியில் இருந்து இரு பக்கமும் கம்பியைச் சரிவாக இறக்குங்கள், தலைகீழ் வி வடிவத்தில். 40 மீட்டர் பேண்டுக்கு ஒரு கை சுமார் 10 மீட்டர். முனைகள் தரையில் இருந்து 1 மீட்டர் உயரத்தில் நின்றால், ஒவ்வொரு கையும் கழியின் அடியில் இருந்து 8.7 மீட்டர் தள்ளி முடியும். உச்சியில் இரு கைகளுக்கும் இடையே 120 டிகிரி கிடைக்கும். 90 டிகிரிக்குக் கீழே போகாதவரை கவலையில்லை. இரு முனைக் கயிறுகளே கழிக்கு இரண்டு பக்கத் தாங்கு கயிறாகவும் ஆகிவிடுகின்றன, மூன்றாவதாக ஒன்று கட்டினால் போதும். மொத்தம் 18 மீட்டர் நீள இடம் வேண்டும், அகலம் அநேகமாகத் தேவையில்லை. ஒற்றையடிப் பாதை அளவு இருந்தாலே நடக்கும்.

40 மீட்டர் பேண்டில் 6 மீட்டர் உயரம் என்பது அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்குதான். இவ்வளவு தாழ்ந்த டைபோல் சக்தியில் பெரும்பகுதியை வானத்தை நோக்கி வீசும். தூரத்தை நினைத்தால் குறை. 150 கிலோமீட்டர் நண்பர்களை நினைத்தால் உங்களுக்கு வேண்டியதே அதுதான்! இன்னொன்று: கம்பி கிழக்கு மேற்கா, வடக்கு தெற்கா என்று காம்பஸ் பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். அரை அலைநீளத்துக்கு மிகவும் கீழே கட்டிய டைபோலுக்குத் திசை பெரிதாகக் கிடையாது. இடம் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் இழுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே 20 மீட்டர் டைபோல் இருக்கிறது அல்லவா, அதை வைத்தே இதைச் செய்யலாம். அதன் ஒவ்வொரு முனையிலும் இன்னொரு 5 மீட்டர் கம்பியைச் சேர்த்து, நடுவில் ஒரு சிறு இன்சுலேட்டரும் இணைக்கவும் பிரிக்கவும் ஒரு கிளிப்பும் வையுங்கள். இதற்கு 'லிங்க்டு டைபோல்' என்று பெயர். கிளிப்பைப் பிரித்தால் 20 மீட்டர், மாட்டினால் 40 மீட்டர். வெளிக் கம்பி எப்போதும் அதே இடத்தில் தொங்கும், பிரித்திருக்கும்போது வெறும் கயிறாக இருக்கும். கழியைச் சற்றுச் சாய்த்தால் கிளிப் கைக்கு எட்டிவிடும், இரண்டு நிமிட வேலை. இழுவிசையை இன்சுலேட்டரில் முடிந்த கம்பிதான் தாங்க வேண்டும், கிளிப்போ பற்றவைப்போ தாங்கக் கூடாது. இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வெளியிட ஆன்டெனாக்கள் ஒடிவதெல்லாம் பற்றவைத்த இடத்தில், அதுவும் பேண்ட் நன்றாகத் திறந்திருக்கும் நேரத்தில்தான்.

40 மீட்டருக்கு வெட்டிய டைபோல் மூன்று மடங்கு அதிர்வெண்ணிலும், அதாவது 15 மீட்டர் பேண்ட் பக்கத்திலும், ஒத்திசையும். சரியாக 21.2இல் விழாது, சற்று மேலே தள்ளி நிற்கும். செட்டில் ட்யூனர் (ஆன்டெனாவைச் செட்டுக்குப் பொருத்தித் தரும் சுற்று) இருந்தால் அந்த வித்தியாசத்தை அது விழுங்கிக்கொள்ளும். கூடுதலாக எதுவும் செய்யாமல் ஒரு மூன்றாவது பேண்ட்.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூத்திரத்தை நம்பிக் கம்பியைக் குட்டையாக்கியவர்கள் அநேகம். அரை அலை டைபோலின் மொத்த நீளம் மீட்டரில், 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும். 14.15க்கு 10.1 மீட்டர், 7.1க்கு 20.1 மீட்டர். ஆனால் இது வெறும் செம்புக் கம்பி, தக்க உயரம் என்ற கணக்கு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி சில சதவீதம் குட்டையாகவே ஒத்திசையும்; தரைக்கு அருகில் முனை இறங்கினால் அதுவும் நகரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், ஆன்டெனாவில் அளந்த பிறகும் அரைச் சாண் கூட்டிப் போடுங்கள். பிறகு நீங்கள் உண்மையில் கட்டப்போகும் அதே உயரத்தில், அதே சரிவில் ஏற்றி, எங்கே எஸ்.டபிள்யூ.ஆர். மிகவும் இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு கை 5.2 மீட்டர் இருக்கிறது, இறக்கம் 13.6 மெகாஹெர்ட்ஸில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 5.2ஐ 13.6ஆல் பெருக்கி 14.15ஆல் வகுத்தால் 5.0. ஆக ஒவ்வொரு கையிலும் 20 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்ட வேண்டாம், மடக்கிக் கம்பியோடு நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள், கிட்டத்தட்ட வெட்டிய பலனே கிடைக்கும். திருப்தியான பிறகு கத்தரிக்கோல் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். லிங்க்டு டைபோலில் உள் பகுதியை, அதாவது 20 மீட்டரை, முதலில் சரிசெய்யுங்கள். பிறகு கிளிப்பை மாட்டி வெளிப் பகுதியைச் சரிசெய்யுங்கள். வரிசையை மாற்றினால் ஒன்றைத் தொட இன்னொன்று கெடும்.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.3 என்று கொஞ்சம் பெருமையோடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. நல்லதுதான். ஆனால் 1.3க்கும் 1.8க்கும் நடுவே காதுக்குத் தெரிகிற வித்தியாசம் ஏதும் இல்லை. 2:1 இருந்தால்கூட எதிரொலித்துத் திரும்புவது 11 சதவீதம்தான். அதைத் தாண்டினால் சில செட்டுகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதற்காகத்தான் கவனிக்க வேண்டும். சக்தியை வெறும் சூடாக்கிவிடும் நல்ல டம்மி லோடு எந்த பேண்டிலும் 1:1 காட்டும், அதை வைத்து அடுத்த தெருவோடுகூடப் பேச முடியாது. மீட்டர் முள் நன்றாக இறங்குகிறது என்பதை வைத்து ஆன்டெனா நன்றாக வீசுகிறது என்று எண்ணுவது நம் பொழுதுபோக்கின் மிகப் பழைய மயக்கம்.

இனி எண்ட்-ஃபெட். முதலாமவர் சொன்னது தவறான பொருள் இல்லை, நானே பையில் ஒன்று வைத்திருக்கிறேன். அரை அலைக் கம்பியை நடுவில் பிளக்காமல் ஒரு முனையில் ஊட்டுவது என்பது செப்பலின் வான்கப்பல்கள் கம்பியைக் காற்றில் தொங்கவிட்டுப் பறந்த காலத்து யுக்தி. நடுவில் சுமார் 50 முதல் 70 ஓம் காட்டும் அதே கம்பி முனையில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் காட்டும். அதை 50 ஓமுக்கு இறக்கத்தான் 49:1 டிரான்ஸ்ஃபார்மர். ஃபெரைட் வளையத்தில் 2 சுற்றுக்கு 14 சுற்று. சுற்று விகிதம் 7, ஓம் விகிதம் 49. 50ஐ 49ஆல் பெருக்கினால் 2,450. மேல் பேண்டுகளில் நடத்தை சீராக உள்ளீட்டில் ஒரு 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் போடுவது வழக்கம்.

இதன் கவர்ச்சி இரண்டு. ஒன்று, 20 மீட்டர் நீளக் கம்பி 40 மீட்டர் பேண்டில் ஒரு அரை அலை, 20இல் இரண்டு, 15இல் மூன்று, 10இல் நான்கு. ஆகவே கிளிப் எதையும் தொடாமல் நாலு பேண்ட். இரண்டு, ஊட்டும் இடம் உங்கள் கைக்கு அருகே தரையில் இருக்கிறது. கழியின் உச்சியில் தொங்குவது மெல்லிய கம்பி மட்டும், கேபிள் பாரம் கிடையாது. உங்கள் கழியின் முழு 7 மீட்டரும் அப்போதுதான் பயன்படும். மரம் இருக்கும் இடத்தில் இதற்கு நிகர் இல்லை. சின்ன எறிபையை மெல்லிய கயிற்றில் கட்டி 10 மீட்டர் கிளைக்கு மேலாக வீசி, கம்பியின் ஒரு முனையை மேலே இழுத்துவிட்டு, மறுமுனையில் டிரான்ஸ்ஃபார்மரோடு உட்கார்ந்துவிடலாம். எறிபை முதல் வீச்சிலேயே சரியான கிளையில் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். எத்தனையாவது வீச்சு என்று யாரும் எண்ணாமல் இருக்கத் தனியாகப் போவது நல்லது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர் உயரம் என்பது அரை அலைநீளம். படுக்கையாகக் கட்டிய கம்பி அந்த உயரத்தில் சுமார் 30 டிகிரியில் வீசத் தொடங்கும், தூரத்துக்கு அது பெரிய லாபம். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பலர் அந்த நேரத்தில் இன்னும் மூன்று மீட்டர் உயரம் தேடியிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் சக்தியை வெப்பமாகத் தின்னும். சின்ன வளையத்தில் கஞ்சத்தனமாகச் சுற்றியது இன்னும் தின்னும். மின்னோட்டம் திரும்ப ஒரு பாதை வேண்டுமல்லவா, நீங்கள் தனியாக ஒன்று தராவிட்டால் கோஆக்ஸின் வெளி உறையே அந்தப் பாதையாகிவிடும். மைக் உதட்டில் சுருக்கென்றால், கேபிளைத் தொட்டதும் எஸ்.டபிள்யூ.ஆர். மாறினால், அதுதான் காரணம். டிரான்ஸ்ஃபார்மரின் தரை முனையில் 2 மீட்டர் கம்பி ஒன்றைக் கட்டித் தரையில் போட்டு, செட்டுக்கு அருகே கேபிளில், உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் சோக் ஒன்றை வையுங்கள். சோக்கை டிரான்ஸ்ஃபார்மரோடு ஒட்டி வைத்துவிட்டு, 2 மீட்டர் கம்பியும் இல்லாமல் "ஏன் ட்யூன் ஆகவில்லை" என்று கேட்காதீர்கள், திரும்பும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். அப்புறம், முனையில் மின்னழுத்தம். 10 வாட்டில் சுமார் 155 வோல்ட், 100 வாட்டில் ஏறக்குறைய 500 வோல்ட். தொட்டால் சுடும், ரேடியோ அலைச் சூடு ஆழமாக இறங்கும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் முனைகள் இருக்கட்டும்.

9:1 விஷயத்தை நான் சீக்கிரம் முடிக்கிறேன், எனக்கு அதில் அவ்வளவு காதல் இல்லை. "எந்த நீளமும்" என்பது பாதி உண்மை. எந்த பேண்டிலும் அரை அலையின் மடங்காக வராத நீளமாகப் பார்த்து எடுக்க வேண்டும், 12.5 மீட்டர் போன்றவை அப்படித் தேர்ந்தவை. 20 மீட்டர் கம்பியை 9:1இல் மாட்டினால் 40 மீட்டர் பேண்டில் அது ஆயிரக்கணக்கில் ஓம் காட்டி ட்யூனரைத் திணறடிக்கும். ட்யூனர் கட்டாயம், மின்னோட்டம் திரும்பத் தரையில் போடும் எதிர்க்கம்பியும் கட்டாயம். கேபிளில் இழப்பும் அதிகம், ஏனென்றால் ட்யூனர் செட்டைத்தான் சமாதானப்படுத்துகிறது, கேபிளுக்குள் ஓடும் எதிரொலியை அது தொடுவதில்லை. ஒரே பயணத்தில் ஆறேழு பேண்டுகளுக்குத் தாவ வேண்டும், இடம் எப்படி இருக்கும் என்றே தெரியாது என்கிறவருக்கு இது உதவும். இரண்டு பேண்டுகளில் பேச விரும்பும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வெர்ட்டிகல் தூரம் போகும் என்பது உண்மை, ஒரு நிபந்தனையோடு. 20 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை 5 மீட்டர்தான். கழியை ஒட்டி 5 மீட்டர் கம்பியை ஏற்றி, அடிப்பகுதியை 1.5 மீட்டர் உயரத்தில் வைத்து, நாலு பக்கமும் 5 மீட்டர் ரேடியல் கம்பிகளைச் சரிவாக இறக்கினால் முடிந்தது. உச்சி 6.5 மீட்டரில் முடியும், கழிக்குப் பாரமே இல்லை. தாழ்ந்த கோணத்தில் வீசும். உப்புக் கடல் ஓரம் கால் வைத்து நிறுத்தினால் 10 வாட்டுக்கு வரும் பதில்களைப் பார்த்து நீங்களே நம்ப மாட்டீர்கள். வறண்ட பாறைத் தரையில் அந்த மந்திரம் பாதி கரைந்துபோகும். நேர் மேலே ஏறத்தாழ ஒன்றும் போகாது, ஆகவே இதை 40 மீட்டருக்கு நீட்டினாலும் 150 கிலோமீட்டர் நண்பர்களுக்கு உதவாது. ரேடியல்களைச் சிக்கல் இல்லாமல் பிரித்துச் சுருட்டப் பொறுமை வேண்டும். நெரிசலான குன்று உச்சியில் நாலு பேர் கால் அதில் தடுக்கும். உச்சி மிகவும் சின்னது, 18 மீட்டர் இழுக்க வழியே இல்லை என்றால் மட்டும் முதல் தேர்வாக இதை எடுங்கள்.

கேபிள் நீளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 14 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி. 174 கேபிள் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் தின்னும், ஆர்.ஜி. 58 அதில் பாதி. 1 டெசிபல் என்றால் 10 வாட்டில் 2 வாட் போயிற்று. பயங்கரமாகத் தோன்றும், ஆனால் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். மறுமுனையில் கேட்பவருக்கு உங்கள் 2 வாட் இழப்பு தெரியவே தெரியாது. கழி ஒடியாமல் நிற்பதற்கு அந்த 1 டெசிபலைத் தாராளமாகக் கொடுக்கலாம். 30 மீட்டர் கேபிளைத் தூக்கிப் போகாதவரை இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

எந்த ஆன்டெனா மேல் என்று பிறர் சொல்வதைக் கேட்பதைவிட நீங்களே அளந்து பார்க்க இன்று நல்ல வழி இருக்கிறது. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவர் 2008இல் தந்த டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறையில் உங்கள் செட் இரண்டு நிமிடத் துண்டாக ஒரு மெல்லிய சிக்னலை அனுப்பும். கேட்ட நிலையங்கள் எல்லாம் எத்தனை டெசிபலில் கேட்டது என்று தாமாகவே இணையத்தில் பதிந்துவிடும். மோர்ஸ் தெரிந்தால் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் அதே வேலையைச் செய்யும். இரண்டு ஆன்டெனாவையும் ஒரே இடத்தில் கட்டி, சில நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றி அனுப்புங்கள். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது அயனி மண்டலத்தின் மனநிலையை. ஒரே நிலையம் இரண்டையும் எப்படிக் கேட்டது என்பதை மட்டும் பாருங்கள், 2 டெசிபல் வித்தியாசத்துக்கெல்லாம் வெற்றிக்கொடி ஏற்றாதீர்கள்.

மின்கம்பிகள் கண்ணில் படும் இடத்தில் கழியும் வேண்டாம், எறிகயிறும் வேண்டாம். கழி சாய்ந்தாலும் கம்பி அறுந்து பறந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு இரண்டு மடங்காக்குங்கள். இடி முதல் முறை கேட்டதும் பேச்சை முடித்துக் கம்பியை இறக்குங்கள். குன்று உச்சியில் நனைந்த கழியோடு நிற்பது வீரம் ஆகாது. தாங்கு கயிறுகளுக்கு வெளிர் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள், கறுப்புக் கயிறு பார்க்க அழகு, நடந்து வருபவர் காலுக்கு எமன்.

ஆக, உங்களுக்கு நான் எழுதித் தரும் சீட்டு: இந்த மாதம் எதையும் வாங்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் மெல்லிய பின்னல் கம்பி, இரண்டு இன்சுலேட்டர், இரண்டு கிளிப், இவற்றை வைத்து உங்கள் டைபோலை லிங்க்டு டைபோல் ஆக்குங்கள். குன்றில் அது போதும். பகல் பத்து பதினொரு மணிக்கு நண்பர்களை 7.1 பக்கம் வரச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் கிளிப்பைப் பிரித்து 14இல் தூரத்தைத் தேடுங்கள். மரங்கள் அடர்ந்த இடத்துக்கு அடிக்கடி போகத் தொடங்கினால் அப்போது எண்ட்-ஃபெட் ஒன்றை நீங்களே சுற்றிப் பாருங்கள், ஒரு மாலை வேலை. கம்பிகளைச் சுருட்டும்போது வட்டமாகச் சுருட்டாமல் ஒரு அட்டையில் எட்டு வடிவத்தில் சுற்றுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

நண்பர்கள் எத்தனை எஸ் பாயிண்ட்டில் கேட்டார்கள் என்று எழுதுங்கள். ஹாம்கள் வழக்கப்படி வாழ்த்துகள், 73.